வேண்டாம் என்று சொல்லும் விதம்

"ஏலம் முடிஞ்சுதோ?"

மழைக்குள் இருந்து வந்த தமிழ்க் குரலில் அனோஜினி திடுக்கிட்டுத் திரும்பினாள். கையில் பாதி கழற்றிய பலூன் சரம். வாசல்படியில் குடை இல்லாமல் ஓர் இளைஞன். நனைந்த முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. கண்களில் அப்படி ஒரு கோபம்... கோபத்திலும் இவ்வளவு அழகாக இருக்க அந்தக் கண்களுக்கு யார் அனுமதி கொடுத்தது?

"என்ன ஏலம்?"

"இண்டைக்கு பிட் டே எண்டு தங்கச்சி சொன்னவள். பிட் எண்டா ஏலத்தில கேக்கிற விலைதானே? ஒருத்தரும் கேக்காத சாமான் அங்க பஸ் தரிப்பில நிண்டு அழுகுது. ஏத்திக்கொண்டு போக வந்தனான்."

சொல்லிவிட்டு அவன் சிவப்பு நிறக் காரை நோக்கி நடந்துவிட்டான். பலூன் ஒன்று அவள் கைக்குள் வெடித்தது.

அது, பிரெஞ்சு பேசும் அந்த வெளிநாட்டு நகரத்தில், பல்கலைக்கழக மாணவிகளின் சொறோரிட்டி வீடு. சகோதரிகளைப் போலக் கூடி இருப்பதற்கான சங்கம். செப்டெம்பர் வந்தால் முதலாம் ஆண்டுப் பெண்கள் ஒரு வாரம் அங்கே தேநீர் குடித்து, கதைத்து, சிரித்துவிட்டுப் போவார்கள். வாரக் கடைசியில்தான் பிட் டே. எல்லோரும் மண்டபத்தில் நிற்க, சேர அழைக்கப்பட்டவர்களின் பெயர்கள் வாசிக்கப்படும். பெயர் வந்தவள் கூவிக்கொண்டு ஓடிவருவாள், நாலு பேர் கட்டிப்பிடிப்பார்கள். பெயர் வராதவள் நின்றுகொண்டே இருப்பாள். அவளிடம் யாரும் எதுவும் சொல்வதில்லை. மண்டபம் வெறுமையாகும்போது அவளே விளங்கிக்கொள்ள வேண்டும்.

புதியவர்களைச் சேர்க்கும் பொறுப்பு அந்த 2005ஆம் ஆண்டில் அனோஜினியுடையது. பெயர்களை வாசித்ததும் அவள்தான். கடைசிப் பெயர்வரை சிரிப்பை இறக்காமல் வைத்திருந்த அந்த நீலச் சட்டைப் பெண்... லக்சனா. அவளுடைய அண்ணனா இவன்?

அடுத்த நாள் பின்னேரம் அனோஜினி நகரின் மறுகோடியில், கார்ட்டியர்வில் பகுதியில் இருந்த லக்சனாவின் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"லக்சனா நிக்கிறாவோ?"

"ஆர் கதைக்கிறது?" அதே குரல்!

"அனோஜினி... நேற்றுப் பலூன் கழட்டினனான்."

"ஓ... ஏலக்காரியோ?"

"ஓம். நீங்கள் மழைக்க நிண்டு கத்தினவர். தடிமன் பிடிக்கேல்லையோ?"

பதில் சொல்ல வாயெடுத்தவன் தும்மிவிட்டான். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் சிரிக்கவில்லை.

"அவள் உங்களோட கதைக்கமாட்டாள். அந்தப் பக்கமே இனிப் போகமாட்டாளாம். படிப்பையும் விடப்போறன் எண்டு கதவைப் பூட்டிக்கொண்டு கிடக்கிறாள்."

அனோஜினியின் சிரிப்பு நின்றது. ஒரு பெண்ணின் படிப்பா?

"அப்ப நான் அங்க வாறன்," என்றாள்.

மெத்ரோவும் பஸ்ஸும் மாறி அவள் போய்ச் சேர்ந்தபோது, கதவைத் திறந்தவன் வழியை மட்டும் விட்டான். யதுர்ஷன் என்று பெயர். வாங்கோ என்றுகூடச் சொல்லவில்லை. அவனுடைய அம்மா ஜெகதீஸ்வரிதான் தேத்தண்ணி தந்து, மகளின் அறையைக் காட்டினார்.

"ஏன் அக்கா என்னை வேண்டாம் எண்டவை?" லக்சனாவின் கண்கள் வீங்கியிருந்தன.

"இடம் கொஞ்சம், ஆக்கள் கனக்க. எல்லாரும் தங்களுக்குப் பழகின ஆளுக்குத்தான் கை உயர்த்தினவை. உமக்காக உயர்த்த ஒருத்தரும் இல்லை. நானும்... நீர் தமிழ்ப் பிள்ளை எண்டு தெரிஞ்சும், மற்றவை என்ன நினைப்பினமோ எண்டு உம்மோட ஒரு சொல்லுத் தமிழ் கதைக்கேல்லை. மன்னிச்சுக்கொள்ளும்."

லக்சனா மெதுவாகச் சொன்னாள். "இதைத் தனியக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தா, அழுதிட்டு வந்திருப்பன். எல்லாருக்கும் முன்னால நிக்க வைச்சதுதான்... அதைத்தான் தாங்கேலாமல் கிடக்கு."

"ஜனவரியில திரும்பவும் ஆள் சேர்ப்பம். அப்ப எப்படிச் சொல்லோணும் எண்டு நீர் வந்து சொல்லித்தாரும். அதுக்கு முதல் நாளைக்கு வகுப்புக்கு வாரும். நான் வாசலில நிப்பன்."

லக்சனா வந்தாள். யதுர்ஷன்தான் காரில் கொண்டுவந்து விட்டான். அதன்பிறகு, புதிய முறையைப் பற்றி அனோஜினியோடு கதைக்க வரும் தங்கையை ஒவ்வொரு கிழமையும் அவன் அந்தச் சங்க வீட்டு வாசலில் இறக்குவான். காரை விட்டு மட்டும் இறங்கமாட்டான்.

"குளிருக்க என்னத்துக்கு இருக்கிறியள்? உள்ள வாங்கோவன்." அனோஜினி ஒருநாள் கார்க் கண்ணாடியில் தட்டினாள்.

"அந்தப் படி மிதிக்கமாட்டன்."

"அப்ப ஏலம் எண்டதைத் திருப்பி எடுக்கமாட்டியள்?"

"மாட்டன்."

"நல்லது. நானும் இனிக் கண்ணாடி தட்டமாட்டன்!"

விறுக்கென்று திரும்பி நடந்தாள். ஆனால் ஜன்னல் திரையை விலக்கிப் பார்க்கமாட்டேன் என்று அவள் சொல்லவில்லையே... அடுத்த கிழமையும் சிவப்புக் கார் வருகிறதா என்று கண்கள் தாமாகவே தேடின. என்ன வெட்கம் கெட்ட கண்கள்!

அதற்குள் சங்கத்துப் பெண்களோடு வாதாடி, லக்சனா சொன்னபடியே முறையை மாற்றிவிட்டாள். மண்டபம் இல்லை, பெயர் வாசிப்பும் இல்லை. கொண்டாட்டத்துக்கு முதல் நாளே ஒவ்வொருத்தியையும் சின்ன அறையில் தனியாக இருத்தி, முகத்தைப் பார்த்துச் சொல்லவேண்டும். வேண்டாம் என்ற பதில் கேட்டவள் தனியாக வீட்டுக்குப் போகக்கூடாது.

ஆனால் அந்த ஜனவரி நாளில் பனி கொட்டித் தள்ளியது. கார் வைத்திருந்த தோழிகளால் வரமுடியவில்லை.

"அண்ணா நிக்கிறான்தானே!" என்று லக்சனா வெளியே ஓடினாள்.

வேண்டாம் என்ற பதில் கேட்ட செலீன் என்ற பெண்ணை அஹுன்ட்சிக் பகுதியில் இருந்த அவள் வீட்டில் இறக்கும் வேலை யதுர்ஷனுக்கு வந்தது. பின் இருக்கையில் அவள் சத்தமில்லாமல் அழுதாள். என்ன சொல்வதென்று தெரியாமல் அவன் ஹீட்டரைக் கூட்டினான், குறைத்தான், மறுபடியும் கூட்டினான். இறங்கும்போது அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு பிரெஞ்சில் சொன்னாள், "எனக்குச் சொன்ன அந்தப் பெண்ணும் அழுதாள். பாவம்... போய்ப் பாருங்கள்."

திரும்பி வந்தவன் காரை நிறுத்தினான். அரைக் கணம் யோசித்தான். பிறகு படியேறினான்.

அனோஜினி குசினி மேசையில் முகத்தைக் கைகளில் தாங்கி இருந்தாள். சிவந்த கண்கள் நிமிர்ந்தன.

"நீங்களோ... உள்ள?"

"நான் அண்டைக்குக் கதைச்சது பிழை." சப்பாத்திலிருந்த பனி நிலத்தில் உருகிக்கொண்டிருந்தது. "வேண்டாம் எண்டு கேக்கிற ஆளுக்குத்தான் நோகும் எண்டு நினைச்சனான். சொல்லுற ஆளுக்கும் நோகும் எண்டு தெரியேல்லை."

"இப்ப தெரிஞ்சுதோ?"

"ஓம். அதால... ஒண்டு கேக்கப் பயமாக் கிடக்கு."

அவள் கதிரையை அவன் பக்கம் திருப்பினாள். "கேளுங்கோ."

"எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு, அனோஜினி. கனக்கப் பிடிச்சிருக்கு. தங்கச்சியைக் கொண்டுவந்து விடுறது சாட்டு. நீங்கள் மாதா கோயிலுக்குப் போற மன்னார் வேதக்காரர், நாங்கள் சைவம், வீட்டில கதைக்கக் கனக்க இருக்கு... அது பேந்து. முதல் நீங்கள் சொல்லுங்கோ. வேண்டாம் எண்டாலும் பரவாயில்லை."

அவள் அவனைப் பார்த்தாள். இமையில் ஒட்டியிருந்த பனித்துளியைப் பார்த்தாள். ஈரமான கண்ணோடே சிரிப்பு வந்தது.

"காலையில இருந்து ஒவ்வொருத்தியாக் கூப்பிட்டு வேண்டாம் எண்டு சொல்லிச் சொல்லி நான் களைச்சுப்போனன், யதுர்ஷன். இன்னொருக்கா அந்தச் சொல்லுச் சொல்ல எனக்குத் தெம்பில்லை."

அவனுக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது.

"அப்ப... அது ஓமோ?"

"ஓம்."