வெளியே காத்திருக்கும் துணை

“உங்க மிசஸ்க்குத் தண்ணி குடுத்தேன் அங்கிள். வேணாம்னுட்டாங்க. இந்தக் கதவையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்காங்க லா.”

மருத்துவமனையின் கதிரியக்கச் சிகிச்சை அறையில், ராமதாஸின் வயிற்றின்மேல் மூச்சின் அசைவை அளக்கும் ஒரு சின்ன வெள்ளைப் பெட்டியை வைத்தபடி, கதிர் இயந்திரத்தை இயக்கும் தனுஜா சொன்னாள். ராமதாஸ் சிரித்து வைத்தார். அவர் மனைவி புஷ்பவள்ளி இறந்து இரண்டு வருடமாகிறது.

பொய் அவருடையதுதான். முதல் நாள், “கூட யாரு வந்திருக்கா?” என்று தனுஜா கேட்டபோது, யாருமில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. மூன்று சங்கங்களின் தலைவர். பினாங்கில் எந்தக் கல்யாண மண்டபத்திலும் மைக்கைக் கையில் கொடுத்தால் பாயசம் ஆறும்வரை திருப்பித் தராதவர். அப்பேர்ப்பட்டவர் கல்லீரலில் கட்டியோடு, சுங்கை பினாங் அடுக்ககத்திலிருந்து தனியாகக் கிராப் டாக்சி பிடித்து வந்து போகிறார் என்றால் நன்றாகவா இருக்கும்? சங்கத்தில் காசி யாத்திரை என்று சொல்லியிருந்தார்; வழியனுப்பு விழாவில் சால்வைகூடப் போர்த்தினார்கள். தனுஜாவிடம், “வைஃப் வெளிய இருக்காங்க” என்றார்.

புஷ்பவள்ளிக்கு அது பழகிய வேலை. எல்லாக் கூட்டத்திலும் கடைசி வரிசையில், ஆஸ்துமா இழுக்கிற மார்பில் ஜாதிக்காய்த் தைலம் தடவிக்கொண்டு, அவர் பேசி முடிப்பதற்காகக் காத்திருந்தவள்.

யாரையோ பார்த்துவிட்டு இந்தப் பெண் உளறுகிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

“இன்னிக்காவது மூச்ச ஒழுங்கா பிடிங்க அங்கிள். போன தடவ பாதியில நிறுத்திட்டோம்.”

மூச்சு விட்டால் கல்லீரல் நகரும், கட்டியும் கூடவே நகரும். முகத்துக்கு நேரே தொங்கும் திரையில் ஒரு கோடு அவருடைய மூச்சோடு ஏறி இறங்கும். அவர் மூச்சைப் பிடித்து, கோடு பச்சைப் பட்டைக்குள் அசையாமல் நின்றால்தான் கதிர் பாயும். அறுவைச் சிகிச்சையை அவர் இதயம் தாங்காது என்று டாக்டர் சொன்ன பிறகு மிச்சமிருந்த வழி இதுதான். ஆயுள் முழுக்க இடைவிடாமல் பேசியவரிடம் உயிர் கேட்டதெல்லாம் கொஞ்ச நேரம் சும்மா இருப்பதைத்தான்.

தனுஜா வெளியே போனாள். கனத்த கதவு மெல்ல நகர்ந்து, சுவரோடு சுவராகப் பொருந்தியதும், குளிர்சாதனத்தின் இரைச்சலும், தலைக்குமேல் தூக்கி வைத்திருந்த கைகளில் ஏறும் மரமரப்பும், எங்கோ குழாயில் நீர் இறங்கும் ஓசையும், தன் காதுக்குள் தன் ரத்தமே நடக்கும் சத்தமும் தவிர அந்த அறையில் எதுவும் இல்லை என்று அவருக்குத் தோன்றிய நேரத்தில், குளிர்காற்றில் ஜாதிக்காய்த் தைலம் மணத்தது.

“மூச்ச இழுங்க. பிடிங்க.” ஒலிபெருக்கியில் தனுஜா.

இழுத்தார். பிடித்தார். மார்பு கல்லாக நின்றது.

கோடு ஏறியது. இறங்கியது. பாதியில் திணறி, மறுபடி ஏறியது.

“அங்கிள், விடாதீங்க லா!”

“விடலம்மா.” அதைச் சொல்லத்தான் மூச்சை விட்டார்.

“கோடு ஆடுதே. மறுபடி பிடிங்க.”

பிடித்தார். தலைமாட்டில், அவர் திரும்பிப் பார்க்க முடியாத இடத்தில், ஒரு மார்பு மெல்ல இழுத்தது. விசில் போல. கோடு அதோடு ஏறியது. அதோடு இறங்கியது.

“தனுஜா... என் வைஃப் வெளியதான இருக்காங்க?”

ஒலிபெருக்கியில் அவள் எழுந்து போய்வரும் செருப்புச் சத்தம் கேட்டது.

“நாற்காலி காலியா இருக்கு அங்கிள். டாய்லெட் போயிருப்பாங்க. இந்த ஒரு தடவ பிடிங்க, முடிஞ்சிரும். இழுங்க. பிடிங்க.”

முடியவில்லை. மூச்சு பீறிட்டது. மார்பு எகிறியது. வயிறு எகிறியது. நிறுத்தச் சொல்ல வாயைத் திறந்தார். எத்தனையோ மேடையை அதிரவைத்த குரல். வரவில்லை. காற்றுதான் வந்தது. போனது. வந்தது.

தலைமாட்டில் இழுப்புச் சத்தம் நின்றது.

யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

பச்சைப் பட்டைக்குள் கோடு நேராக நின்றது. இயந்திரம் உறுமத் தொடங்கியது.

“சூப்பர் அங்கிள்! ஆடவே இல்ல. அப்படியே இருங்க.”

அவர் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

கோடு அசையவில்லை.