ஆளே இல்லாத போட்டோ

செல்போன் அலறியது!

"அண்ணா... என்னை ஸ்டேஷன்ல உக்கார வச்சிருக்காங்க! அந்தச் சிற்பியை நான் கொன்னுட்டேனாம்!"

போட்டோகிராபரின் கையிலிருந்த டீ, சட்டையில் கொட்டியது.

காலையில்தான் பழைய கோட்டை முற்றத்தில் புதிதாக நிறுத்திய எஃகு வளையச் சிற்பத்தை ஒரு பத்திரிகைக்காகப் படம் எடுத்துவிட்டு, சாமான்களோடு பின்னால் வரச் சொல்லித் தம்பியை அங்கேயே விட்டு வந்திருந்தார். அதைச் செய்த சிற்பி, அதே வளையத்துக்குப் பின்னால் மண்டை பிளந்து பிணமாகக் கிடந்தாராம்.

பக்கத்தில் திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்ற தம்பியை அமுக்கிவிட்டார்கள்.

கேமரா பையைத் தூக்க வந்தவன்... கொலைகாரனாம்!

ஸ்டேஷனுக்கு ஓடினார்.

இன்ஸ்பெக்டர் பக்கவாட்டில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்தபடியே பேசினார்.

"உங்க தம்பி கோட்டைப் படிக்கட்டுல தூங்கிட்டு இருந்தாராம். அலறல் கேட்டுத்தான் எழுந்தாராம். அதுக்குக் கொஞ்சம் முன்னாடி நீங்க எடுத்த போட்டோவைக் காட்டுங்க."

லேப்டாப்பைத் திறந்தார்.

கோட்டை. வளையம். வானம். படிக்கட்டு... காலி!

"தம்பியைக் காணோமே?"

"சார்... லென்ஸுக்கு முன்னாடி கறுப்புக் கண்ணாடி போட்டு, ஷட்டரை நாலு நிமிஷம் திறந்தே வைப்பேன். நடமாடுறவங்க யாரும் படத்துல விழ மாட்டாங்க. என் படத்துல ஈ காக்கா இருக்காது சார்!"

இந்த நேரத்திலும் மனுஷனுக்குப் பெருமை!

"அசையாம இருந்தா?"

"அப்படியே விழுந்துடுவாங்க சார்."

"தூங்கறவன் அசைவானா?"

அடப்பாவமே! காப்பாற்ற வந்து, தம்பியின் கழுத்தில் அண்ணனே சுருக்கு மாட்டிவிட்டார்!

"ஐயோ... அவன் படத்துல இருந்தான் சார்! நான்தான் அழிச்சேன்! பத்திரிகைக்காரங்களுக்குப் படத்துல ஆளே இருக்கக் கூடாது. அசையாத ஆளுங்களைக் கம்ப்யூட்டர்ல அழிச்சிடுவேன். தூங்குமூஞ்சி, படத்தைக் கெடுத்துட்டானேன்னு திட்டிக்கிட்டே அழிச்சேன்!"

"அழிக்காத படம்?"

"அதுமேலயே சேவ் பண்ணிட்டேன். மெமரி கார்டையும் காலி பண்ணியாச்சு. எப்பவும் அப்படித்தான்..."

"வேற காப்பி?"

"இல்ல சார்..." அழுதுவிட்டார்.

இன்ஸ்பெக்டர் நிம்மதியாகச் சாய்ந்தார். கேஸ் முடிந்த நிம்மதி போலிருக்கிறது.

சட்டென்று போட்டோகிராபர் துள்ளி எழுந்தார்.

"சார்! இன்னொருத்தனையும் அழிச்சேன்! வளையத்துக்குப் பின்னாடி, தூணை ஒட்டிப் பதுங்கி நின்னான். அவன்தான் சார் கொலைகாரன்!"

இன்ஸ்பெக்டர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"முகம் ஞாபகம் இருக்கா?"

"பெருசாக்கித்தானே அழிச்சேன்! இடது பக்கம் மட்டும்தான் தெரிஞ்சுது. நீலச் சட்டை... இடது காது மடல் பாதி இல்ல..."

இன்ஸ்பெக்டர் திரும்பினார். ஜன்னல் வெளிச்சம் முகத்தின் மறுபக்கத்தில் விழுந்தது.

இடது காது... பாதிதான் இருந்தது!

போட்டோகிராபர் ஓரடி பின்வாங்கினார்.

"சிற்பிக்கு வாய் நீளம்." இன்ஸ்பெக்டர் குரலைத் தாழ்த்தினார். "என் வண்டவாளத்தையெல்லாம் மேலிடத்துல சொல்லப்போறேன்னு மிரட்டினான்."

"நான்... நான் எல்லார்கிட்டயும் சொல்வேன்!"

"தாராளமா! எதைக் காட்டிச் சொல்வீங்க? தம்பிக்காக அண்ணன் கதை கட்டுறான்னு சிரிப்பாங்க."

உண்மைதான். காட்ட அவரிடம் என்ன இருக்கிறது?

லாக்கப்பிலிருந்து குரல் வந்தது.

"அண்ணா! போட்டோவைக் காட்டிட்டியா? எப்ப விடுவாங்களாம்?"



இன்ஸ்பெக்டர் லேப்டாப்பில் அந்தப் படத்தை ரசித்துப் பார்த்தார்.

"என்னா சுத்தம் சார்! தடயத்தை இவ்வளவு அழகா அழிக்க எங்க டிபார்ட்மென்ட்லயே ஆள் கிடையாது!"