டிராலி விளிம்பில் டேப் துண்டுகள்

டேப் துண்டுகள் எல்லாம் அவள் பக்கமாக வளைந்திருந்தன.

குறைமாதக் குழந்தைகள் வார்டில் நுழைந்ததும் நர்ஸ் மின்னல் செய்யும் முதல் காரியம், டேப்பை விரல் நீளத்துக்கு வெட்டி, டிராலியின் எஃகு விளிம்பில் வரிசையாக ஒட்டித் தொங்கவிடுவது. குழந்தைகளின் மூக்கு வழியே வயிற்றுக்குப் போகும் பால் குழாயைக் கன்னத்தோடு சேர்த்து ஒட்ட அடிக்கடி அது வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் கத்தரியைத் தேடிக்கொண்டு நிற்க அவளால் ஆகாது. ஏசி காற்று அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து வீசிக்கொண்டிருந்தது. காற்றுக்கு வளைவதாக இருந்தால் துண்டுகள் எதிர்ச்சுவரைப் பார்த்து வளைந்திருக்க வேண்டும்.

"குப்பைச் சரக்கு," என்று முணுமுணுத்துவிட்டு நகர்ந்தாள். நான்கடி தள்ளி நின்று திரும்பிப் பார்த்தபோது துண்டுகள் இப்போது அவள் நின்ற பக்கமாக வளைந்திருந்தன. ஸ்டோரில் உட்கார்ந்திருக்கும் கண்ணாடிக்காரனுக்கு நல்ல டேப்புக்கும் சோத்துப் பசைக்கும் வித்தியாசம் தெரியாது என்பது அவளுடைய நெடுநாள் கருத்து. அவளுக்கு எல்லாரைப் பற்றியும் இப்படி ஒரு கருத்து தயாராக இருக்கும்.

மின்னல் என்பது வார்டில் வைத்த பெயர். குழாய் போட்டால் ஒரே மூச்சு, டேப்பை உரித்தால் ஒரே இழுப்பு. பெயர் வைத்தவர்கள் பாராட்டித்தான் வைத்தார்களா என்று யோசிக்கிற வழக்கமெல்லாம் அவளிடம் கிடையாது.

எதிர்வரிசைக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ் வேறு ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவள், இவள் வயதுதான். அவளுக்கு ஆமை என்று பெயர் வைத்தது மின்னல். ஆமை முதலில் கன்னத்தில் மெல்லிய பாதுகாப்புப் பட்டை ஒன்றைப் பதிப்பாள். அதற்கு மேல்தான் டேப். எடுக்கும்போது பஞ்சை வெதுவெதுப்பான நீரில் நனைத்து, ஒரு விரலால் தோலை அழுத்திப் பிடித்துக்கொண்டு, டேப்பை மேலே தூக்காமல் கன்னத்தோடு படிய மடக்கி, இம்மி இம்மியாக எடுப்பாள். அவள் ஒரு டேப்பை எடுப்பதற்குள் குழந்தை பள்ளிக்கூடம் போய்விடும் என்று மின்னல் காதுபடவே சொல்வாள்.

"இதுங்க தோல் இன்னும் உடம்போட சரியா ஒட்டவே இல்லப்பா," என்று ஆமை ஒருமுறை சொன்னாள். "டேப் அதவிட கெட்டியா ஒட்டுது."

"எனக்கு இத்தன வருஷமா டேப் மட்டும்தான் வந்திருக்கு."

அது பொய். கூடவே கொஞ்சம் தோல் வந்ததும் உண்டு. அந்த இடத்தில் சிவப்பாக ஒரு சதுரம் தெரியும், அதில் ஈரம் முத்து முத்தாகக் கோர்க்கும். இரண்டு நாளில் ஆறிவிடும், குழந்தைக்கு ஞாபகமா இருக்கப்போகிறது என்பது அவள் கட்சி. அழுகிற அம்மாக்களைக் கண்டால் அவளுக்கு ஆகவே ஆகாது. பெற்ற மறுநாளே எல்லாருக்கும் டாக்டர் பட்டம் வந்துவிடுகிறது என்பாள்.

ஆனால் மூலை இன்குபேட்டரில் கிடந்தவனின் அம்மா அவளுடைய சொந்தத் தங்கை. எத்தனையோ வருஷம் ஏங்கிப் பெற்றவன், உள்ளங்கையில் அடங்கிவிடுகிற பிள்ளை. பக்கத்துக் குழந்தையின் கன்னத்திலிருந்து மின்னல் டேப்பை உரித்ததைத் தங்கை கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துவிட்டாள். அன்றே, அதுவும் ஆமையை வைத்துக்கொண்டே சொன்னாள்: "அக்கா, இவன மட்டும் நீ தொடாத. அவங்களே பாத்துக்கட்டும்."

இடுப்பில் தூக்கி வளர்த்த தங்கை. மின்னலுக்கு அது நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. அவனை ஒருமுறை தொட்டுவிட வேண்டும், தங்கை பார்க்கத் தொட வேண்டும், அவள் வாயாலேயே 'நீயே பாத்துக்கோ' என்று சொல்ல வைக்க வேண்டும். அவளுக்கு இப்போது வேண்டியிருந்ததெல்லாம் அது ஒன்றுதான்.

மதியத்தில் அந்த வார்டுக்கு அமைதி நேரம் என்று ஒன்று உண்டு. விளக்குகளைத் தணித்து, இன்குபேட்டர்கள் மேல் துணி போர்த்தி, கருவிகளின் ஓசையைக் குறைத்துவிடுவார்கள். ஜன்னல் இல்லாத அறை அது. வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே அந்தி மாதிரி இருக்கும். ஸ்பிரிட் நெடியும், சுடவைத்த பாலின் இனிப்பு வாசனையும், கழுவிக் கழுவி நைந்த துணியின் வாடையும் கலந்து, காற்று கனமாக முகத்தில் வந்து படிந்தது. ஆமை பால் அறைக்குப் போயிருந்தாள். மூச்சுக்கருவியின் சீரான பெருமூச்சுக்கும் ஏசியின் உறுமலுக்கும் நடுவே வேறொரு சத்தம், மிகச் சின்னதாக, ஈரமாக, விட்டுவிட்டுக் கேட்டது.

பசித்த குழந்தை உதடு சப்புகிற சத்தம்.

ஒவ்வொரு துணியாகத் தூக்கிப் பார்த்தாள். எல்லாம் தூங்கின. ஒன்றுகூட வாயை அசைக்கவில்லை. சத்தமோ நிற்கவில்லை. அது இன்குபேட்டர் எதிலிருந்தும் வரவில்லை. அவள் நடந்தால் கூடியது, நின்றால் குறைந்தது. டிராலியை நெருங்க நெருங்கத் தெளிவாயிற்று.

பிரசவ வார்டு வாட்ச்மேன் எதையோ பார்த்துப் பயந்துவிட்டதாகச் சொன்னபோது ஒரு வாரம் அவனைக் கேலி செய்தவள் அவள். இப்போது தன்னையே திட்டிக்கொண்டாள். தூக்கம் போதவில்லை. காலையில் சரியாகச் சாப்பிடவில்லை. குனிந்து பார்த்தாள்.

டேப்பின் வெளிப்புறத்தில் பூனைமயிர் இருந்தது. பிறந்த குழந்தையின் கன்னத்தில் இருக்குமே, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் மட்டும் தெரிகிற பொன்னிறப் பூமயிர், அது. வெள்ளையாக இருக்க வேண்டிய டேப் இளஞ்சிவப்பாக இருந்தது. சுண்டுவிரலால் ஒன்றைத் தொட்டாள்.

வெதுவெதுவென்று இருந்தது. தொட்ட பக்கமாகத் திரும்பியது.

பசித்த குழந்தையின் கன்னத்தில் விரல் பட்டால், அது அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பி வாயைத் திறக்கும். யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டாம், பிறக்கும்போதே தெரிந்திருக்கும். மின்னல் அதைப் பல்லாயிரம் தடவை பார்த்திருக்கிறாள்.

"சீ," என்றாள். அந்தத் துண்டைப் பிடித்து வெடுக்கென்று இழுத்துக் குப்பைக்கூடையில் எறிந்து, மூடியைக் காலால் தள்ளிச் சாத்தினாள். அது ஒட்டியிருந்த இடத்தில், எஃகின் மேல், சிவப்பாக ஒரு சதுரம். ஈரம் முத்து முத்தாகக் கோர்த்துக்கொண்டிருந்தது. கூடைக்குள் உதடு சப்புகிற சத்தம்.

ஆமையைக் கூப்பிடலாம். கூப்பிட்டு என்ன சொல்வது? டேப்பைக் கண்டு பயமாக இருக்கிறது என்றா? அந்தச் சின்ன அசிங்கத்தைக்கூட அவளால் தாங்க முடியாது. பயந்து நடுங்குகிற நேரத்திலும் கௌரவம் பார்க்கிற பிறவி.

அப்போதுதான் மூலையில் தங்கை மகன் கையை வீசினான். குழாய் அவன் விரல்களில் மாட்டிக்கொண்டது. பால் கக்கி நனைந்திருந்த டேப், அடியிலிருந்த பட்டையோடு பாதி கிளம்பியது. இன்னும் ஒரு இழுப்பு இழுத்தால் குழாய் மொத்தமாக வெளியே வந்துவிடும். திரும்பப் போடுவதென்றால் அந்தப் பொடி உடம்பு படாத பாடு படவேண்டும்.

ஓடினாள். பக்கவாட்டு ஓட்டை வழியாக இடது கையை உள்ளே விட்டு, கட்டைவிரலால் குழாயை மூக்கோரம் அழுத்திப் பிடித்தாள். குழாயைப் பிடித்த விரல் புது டேப் ஒட்டும்வரை விடக் கூடாது. அது எந்த நர்ஸுக்கும் தெரிந்த முதல் பாடம்.

ஆமை வைத்துவிட்டுப் போன கிண்ணத்தில் வெந்நீரும் பஞ்சும் இருந்தன. மின்னல் பஞ்சை நனைத்தாள். இடது கையின் சுட்டுவிரலால் கன்னத்தை அழுத்திக்கொண்டு, டேப்பைப் படிய மடக்கி, தொட்டுத் தொட்டு நகர்த்தினாள். அவள் வாழ்நாளில் அவ்வளவு மெதுவாக எதையும் செய்ததில்லை. டேப்பும் பட்டையும் முனகல்கூட இல்லாமல் கழன்று வந்தன. அடியில் கன்னம் அப்படியே இருந்தது. சிவப்பு இல்லை, கீறல் இல்லை. அவன் தூக்கத்தில் சிரித்தான். இந்தப் பிள்ளை மேல் உயிரையே வைத்திருப்பது அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது.

கதவு திறந்தது. தங்கை. முகம் கொடுக்காமல் நேரே தொட்டிக்குப் போய், முதுகைக் காட்டிக்கொண்டு சோப்பு போட்டுக் கை கழுவ ஆரம்பித்தாள். உள்ளே வருகிறவர்கள் முழங்கை வரை கழுவ வேண்டும்.

இனி டேப் வேண்டும். டேப் டிராலியில் இருந்தது. டிராலி கைக்கெட்டும் தூரத்தில்.

டிராலி அவ்வளவு பக்கத்தில் இருக்கவில்லை. சற்று முன்வரை இல்லை.

பார்க்காமல் வலது கையை நீட்டினாள். சத்தம் நின்றது. மூச்சுக்கருவி மட்டும். பெருமூச்சு. பெருமூச்சு. பார்த்துவிட்டாள்.

எல்லாத் துண்டுகளும் அவள் கையைப் பார்த்துத் திரும்பியிருந்தன. ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு மடிப்பு. மடிப்பு பிரிந்தது. உள்ளே பல் முளைக்காத ஈறு.

கையை இழுத்துக்கொள்ள நினைத்தாள். முதல் துண்டு அதற்குள் மணிக்கட்டில் பதிந்துவிட்டது. இரண்டாவது. மூன்றாவது. வலி இல்லை. இதமான சூடு. சப்பத் தொடங்கின. ஒவ்வொரு சப்பலுக்கும் புறங்கைத் தோல் கொஞ்சம் எழும்பியது. ஈரத்துணி தரையிலிருந்து எழும்புவதுபோல. எழும்பியது திரும்பப் படியவில்லை.

கத்த வேண்டும். கத்தினால் உடம்பு அதிரும். அதிர்ந்தால் குழாய் போய்விடும்.

இடது கை அசையவில்லை.

தண்ணீர் நின்றது. தங்கை கையைத் துடைத்துக்கொண்டு இன்குபேட்டரின் மறுபக்கம் வந்து குனிந்தாள். அந்த மங்கலில் அவளுக்குத் தெரிந்தது மகனின் கன்னம் ஒன்றுதான். வெகுநேரம் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது.

"எவ்வளவு பதமா எடுத்திருக்க," என்றாள். "இனிமே நீயே பாத்துக்கோக்கா."

முழங்கையைத் தாண்டி, சட்டைக்குள் புகுந்து, தோளில் ஏறி, கழுத்தோரம் வெளியே வந்த ஒரு துண்டு மின்னலின் கன்னத்தைத் தொட்டது. அவள் முகம் தானாக அந்தப் பக்கம் திரும்பியது. வாய் திறந்தது.