கோட்டுக்கு வெளியே ஒரு துண்டு

காலை ஆறு மணிக்கு நான் செய்கிற முதல் வேலை, பாளையங்கோட்டைக்காரர்களின் ரத்தத்தை இயந்திரத்தில் சுழலவிடுவது. இரண்டாவது வேலை, யாருக்காவது துண்டு போடுவது. ரத்தம் பிரிந்து சுழலி நிற்கப் பன்னிரண்டு நிமிடம் ஆகும். அந்தப் பன்னிரண்டு நிமிடமும் என் மணிக்கட்டுத்திரையில் 'கோட்டுக்கு வெளியே' திறந்திருக்கும்.

இளையோர் டென்னிஸ் பைத்தியங்கள் கூடுகிற இணையக்கூடம் அது. பதினெட்டு நிரம்பாத பிள்ளைகளின் ஆட்டத்தை மட்டும் பார்ப்போம், அதைப் பற்றி மட்டும் பேசுவோம். பெரியவர்கள் ஆடும் டென்னிஸா? அது வேறு கூடம், வேறு பைத்தியம். ஆடுகிறவர்கள் கோட்டுக்கு உள்ளே, நாம் வெளியே என்பது மறந்துபோகக் கூடாது என்றுதான் அந்தப் பெயரே.

துண்டு போடுவது என்றால், பேருந்து சன்னல் வழியாகத் துண்டை வீசி சீட்டுப் பிடிப்போமே, அதுதான். புதிதாக வருகிறவர் கூடத்தின் வாசலில் நிற்பார். பழைய ஆள் ஒருவர் அவருக்குத் துண்டு போட்டால்தான் உள்ளே வந்து உட்காரலாம். போட்டவர் முப்பது நாளைக்கு அவருக்குப் பிணை. புதியவர் வாய் தவறினால் இரண்டு பேர் துண்டும் சேர்ந்து உருவப்படும். அதனால் மற்றவர்கள் ஆளை அலசி ஆராய்ந்துதான் போடுவார்கள். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. வாசலில் ஒரு மனுஷர் நின்றுகொண்டே இருந்தால் மனசு கேட்காது, போட்டுவிடுவேன். எட்டு வருடத்தில் அறுபத்து மூன்று துண்டு. ஒன்றுகூட உருவப்பட்டதில்லை என்கிற திமிரும் கொஞ்சம் உண்டு.

அந்தத் திமிருக்கு ஆப்பு வைக்க ஒரு செவ்வாய்க்கிழமை வந்து நின்றார் திருமலைக்கொழுந்து.

"வணக்கம். எனக்கு டென்னிஸ் தெரியாது. ஆனா பாக்கப் பிடிச்சிருக்கு," என்று வாசலில் எழுதியிருந்தார். இப்படி ஒரு வாக்கியத்தைப் படித்துவிட்டு யாரால் சும்மா இருக்க முடியும்? அறுபத்து நான்காவது துண்டைப் போட்டேன்.

நான்கு நாள் நல்ல பிள்ளையாகத்தான் இருந்தார். ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "பதினஞ்சு, முப்பதுன்னு போயிட்டு அப்புறம் ஏன் நாப்பது? நாப்பத்தஞ்சுல்லா வரணும்?" அருமைநாயகம் அதற்கு மூன்று பக்கம் பதில் எழுதினார். அவர் நாகர்கோவில்காரர், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். எந்தப் பிள்ளை எந்த ஆட்டத்தில் எத்தனை சர்வீஸ் போட்டது, என்ன வேகத்தில் போட்டது என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்லுவார். எங்கள் கூடத்தில் என்னோடு அதிகம் மல்லுக்கட்டுகிறவரும் அவர்தான்.

சனிக்கிழமை கூடமே திருவிழாக் கோலம். குன்னூரில் நடந்த பதினாறு வயதுக்குட்பட்டோர் போட்டியில் ஜெபராணி இறுதிக்கு வந்துவிட்டாள். நாசரேத்துப் பிள்ளை, வயது பதினைந்தரை. மூக்கு ஒழுகிக்கொண்டு ஆடிய ஒன்பது வயதிலிருந்து நான் அவள் ஆட்டத்தைப் பார்க்கிறேன். ஒரு நாள்கூட அவளிடம் பேசியதில்லை. பேசவும் கூடாது. ஆனால் அவள் தோற்ற நாள்களில் என் வீட்டில் சாம்பாருக்கு உப்பு இருக்காது.

அந்தக் கொண்டாட்டத்துக்கு நடுவே, சாயங்காலம் ஐந்து மணிக்கு, திருமலைக்கொழுந்து ஒரு வரி எழுதினார்.

"ஜெபராணி நாளைக்கு இந்த ஆட்டத்த விட்டுரணும்."

டென்னிஸ் பார்க்கிறவர்கள் மத்தியில் ஆட்டத்தை 'விடுவது' என்றால் ஒரே அர்த்தம்தான். கை நீட்டி வாங்கிக்கொண்டு வேண்டுமென்றே தோற்பது. ஒரு பதினைந்து வயதுப் பிள்ளையைப் பற்றி எழுதுகிற வார்த்தையா அது!

எனக்குப் பயம் வந்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. நாங்கள் எழுதும் எதுவும் அழியாது. ஒரு காலத்தில், முகம் தெரியாதவர்களின் வசவைப் படித்துப் படித்தே எத்தனையோ பிள்ளைகள் மட்டையை மூலையில் போட்டுவிட்டுப் போனார்களாம். அதற்குப் பிறகுதான் இளையோர் சொற்காப்புச் சட்டம் வந்தது. ஒரு பிள்ளையைப் பற்றி நாம் எழுதும் ஒவ்வொரு சொல்லும் பேழை ஒன்றில் முத்திரையிட்டு வைக்கப்படும். பதினெட்டாம் பிறந்தநாளில் பேழை அந்தப் பிள்ளையின் கைக்குப் போகும். புனைபெயர் எல்லாம் அங்கே செல்லாது. சொந்தப் பெயரும் முகமும் சொல்லோடு சேர்ந்தே போகும். புதியவர் எழுதியதென்றால், கீழே துண்டு போட்டவர் பெயரும் இருக்கும்.

ஆக, இன்னும் இரண்டரை வருடத்தில் ஜெபராணி அந்த வரியைப் படிப்பாள். கீழே 'பிணை: உலகம்மாள், பாளையங்கோட்டை' என்று என் மூஞ்சியும் இருக்கும். ஆறு வருடமாக அவளைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்தவளுக்கு இதுவா மிஞ்ச வேண்டும்?

"துண்டை உருவணும்," என்று எழுதினார் அருமைநாயகம். "வருத்தமாத்தான் இருக்கு. ஆனா ரெண்டையும் உருவணும்."

அதற்குள் வழிமொழிய இருபது பேர். மற்ற ஆளாயிருந்தால் துண்டைக் காணோம் துணியைக் காணோம் என்று ஓடியிருப்பார். திருமலைக்கொழுந்து அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

"இருங்க அண்ணாச்சி," என்றேன். "முறைன்னு ஒண்ணு இருக்குல்லா? நான்தான் முதல்ல எதுக்கப்போறேன். 'அதே' வாங்காம யாரும் துண்டத் தொடக் கூடாது."

எங்கள் கூடத்தில் ஒருவரை எதிர்த்துப் பேச வேண்டுமென்றால், அவர் சொன்னதை முதலில் நாம் நம் வாயால், குரலில், எல்லோரும் கேட்கச் சொல்ல வேண்டும். 'ஆமாம், நான் சொல்லவந்தது இதுதான்' என்று அவர் ஒப்புக்கொண்டு, 'அதே' என்கிற பொத்தானை அழுத்தினால் பச்சை விளக்கு எரியும். அதற்குப் பிறகுதான் நம் எதிர்வாதம். மூன்று வாய்ப்பு உண்டு. மூன்றிலும் பச்சை எரியவில்லை என்றால், எதிர்க்கிற தகுதி நமக்கு இல்லை. பாதிச் சண்டை இதிலேயே தீர்ந்துவிடும். மீதிப் பாதியில் சுவாரசியம் கூடும்.

ஆய்வகத்தில் இருந்தபடியே கூடத்தின் குரல் மன்றத்தைத் திறந்தேன். ஆயிரத்து எழுநூறு பேர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"எதிர்ல ஆடுத கஜகஸ்தான் பொண்ணு கெட்டிக்காரி, ஜெபராணியால அவள ஜெயிக்க முடியாது. அதனால ஆடி அசிங்கப்பட வேண்டாங்கிய. அப்படித்தானே?"

"அய்யோ, இல்லம்மா," என்றார். கரகரத்த குரல். வயது அறுபதை ஒட்டி இருக்கும்.

எரிச்சல் தலைக்கேறியது. "அப்ப யாரோ துட்டு குடுத்திருக்காங்க, அவ வேணும்னே தோக்கணும்னு சொல்லுதிய!"

"யம்மா! பச்சப் புள்ளையப் போயி அப்படிச் சொல்லுவனா? நான் எங்கம்மா அப்படிச் சொன்னேன்?"

இரண்டு வாய்ப்பு போயிற்று. சொன்னவரை விட்டுவிட்டு, அவர் சொல்லாததோடு நான் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது. முறைப்படி கேள்வி கேட்கலாம். கேள்விக்குக் கணக்கு இல்லை.

"அண்ணாச்சி, நீங்க என்ன வேல பாக்கிய?"

"பெயிண்டரும்மா. வீட்டு உள்கூரைக்கு வெள்ளை அடிப்பாங்கள்லா, அது. முப்பத்தோரு வருசமா அண்ணாந்துதான் வேல. எனக்கு இந்த வலது தோள் போயி ஒம்பது வருசமாச்சி."

"ம்."

"அந்தப் புள்ள வியாழக்கிழமைலேருந்து தண்ணிப் பாட்டில இடது கையால எடுக்கு. முன்னெல்லாம் வலது கைதான். தலமுடிக்கு ரப்பர் பேண்டு போடுதப்போ கையத் தூக்கல, தலையக் குனிஞ்சு கைக்குக் கொண்டாருது. எனக்கும் முதல்ல அப்படித்தாம்மா ஆரம்பிச்சுது. சட்ட போடுதப்போ, சீப்பு எடுக்குதப்போ. வேலைல மட்டும் வலிய வெளிய காட்ட மாட்டேன். காட்டினா மேஸ்திரி வேற ஆளப் போட்டுருவாரு."

கையில் இருந்த கண்ணாடிக் குழாயை மெதுவாகத் தாங்கியில் வைத்தேன்.

"கடைசி வாய்ப்பு, சொல்லுதேன் அண்ணாச்சி. ஜெபராணிக்குத் தோள்ல வலி. வெளிய சொன்னா ஆட விட மாட்டாங்கன்னு மறைக்கா. நாளைக்கு இறங்கினா அந்தத் தோளு மொத்தமாப் போயிரும். அதனால தோக்க வேண்டாம், இறங்கவே வேண்டாம். நாளைக்கு ஒரு ஆட்டத்த விட்டா, இனிமே உள்ள எல்லா ஆட்டத்தையும் ஆடலாம். இதத்தான் சொல்லுதிய."

பச்சை விளக்கு எரிந்தது.

"எதிர்வாதம்?" என்று மன்றத்தின் இயந்திரக்குரல் என்னைக் கேட்டது. அடப் போ, எதிர்வாதமாவது ஒன்றாவது! இல்லை என்றேன்.

ஆனால் அருமைநாயகம் விடுகிற ஆளா? "எனக்கு இருக்கு," என்றார். "அவ சர்வீஸ் வேகம் ஒரு கிலோமீட்டர்கூடக் குறையல. வேகம் அளக்குத கருவி பொய் சொல்லாது." எதிர்க்க வேண்டுமென்றால் அவரும் முதலில் திருமலைக்கொழுந்தின் பேச்சைத் திருப்பிச் சொல்ல வேண்டுமே. சொல்வதற்காக வியாழன், வெள்ளி, சனி ஆட்டங்களை ஓடவிட்டுப் பார்த்தார். பந்தைப் பார்க்கவில்லை; வாழ்க்கையில் முதல் தடவையாக, பந்து ஓடாத நேரங்களைப் பார்த்தார். நாற்பது நிமிடம் ஆயிரத்து எழுநூறு பேரும் காத்திருந்தோம்.

"மூணு நாள்ல முப்பத்தாறு தடவ தண்ணி குடிச்சிருக்கா," என்றார் கடைசியில். "முப்பத்தாறும் இடது கை. அதுக்கு முந்தின வாரம் ஒண்ணுகூட இல்ல. எட்டு வருசமா எல்லாத்தையும் எண்ணினேன். இத எண்ணல. நான் எதிர்ப்ப விட்டுட்டேன். கேட்டுக்கிட்டியளா திருமலைக்கொழுந்து, நானும் விட்டுட்டேன்!"

யாரோ சிரித்தார்கள். அப்புறம் எல்லோரும் சிரித்தோம்.

சட்டத்தில் ஒரு சின்னக் கதவு உண்டு. பிள்ளையின் உடம்புக்கு ஆபத்து என்று ஒருவர் சொல்லி, எதிர்த்தவர்களே முறைப்படி எதிர்ப்பைக் கைவிட்டால், அந்தச் சொல்லை மட்டும் பேழையிலிருந்து எடுத்து உடனே பயிற்சியாளருக்கு அனுப்பலாம். அனுப்பினோம். ஞாயிறு காலை ஏழு மணிக்கு அறிவிப்பு வந்தது: ஜெபராணி விலகிக்கொண்டாள். தோளின் தசைநாரில் கிழிசல் ஆரம்பித்திருந்தது. ஆறு மாத ஓய்வு போதும், கத்தி வேண்டாம் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள்.

கோப்பை போனதற்காக ஒரு கூடம் முழுக்க இனிப்பு எடுத்துக் கொண்டாடியதை நீங்கள் எங்கேயாவது கேள்விப்பட்டதுண்டா? எங்கள் ஆய்வகத்தில் அன்று ரத்தம் கொடுக்க வந்தவர்களுக்கெல்லாம் அல்வா கொடுத்தேன். சர்க்கரை அளவு பார்க்க வந்தவர்களுக்கு மட்டும் கொடுக்கவில்லை.

அது நடந்து இரண்டரை வருடம் ஆகிறது. இடையில் ஜெபராணி திரும்பி வந்தாள், இரண்டு கோப்பை வாங்கினாள், மூன்று இறுதிகளில் தோற்றாள். போன மாதம் அவளுக்குப் பதினெட்டு முடிந்தது. அன்றிலிருந்து அவள் எங்கள் கூடத்தின் பேச்சில் இல்லை, பெரியவள் ஆகிவிட்டாளே! பேழை அவள் வீட்டுக்குப் போயிற்று. பதினோரு நாள் ஒரு செய்தியும் இல்லை. என்ன படிக்கிறாளோ, எதைப் படித்து அழுகிறாளோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் எழுதியவற்றையெல்லாம் மனசுக்குள் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பன்னிரண்டாம் நாள் காலை, சுழலி ஓடிக்கொண்டிருந்தபோது, வாசலில் ஒரு புதியவர்.

"வணக்கம். எனக்கு டென்னிஸ் கொஞ்சம் தெரியும். ஜெபராணி, நாசரேத்து."

அடுத்த நிமிடத்தில் அறுநூறு துண்டு! என்னுடையதும்தான். அருமைநாயகம் இரண்டு போட்டுவிட்டு, ஒன்று தெரியாமல் விழுந்துவிட்டது என்று சத்தியம் செய்தார். அவள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, ஓரமாகக் கிடந்த திருமலைக்கொழுந்தின் துண்டை எடுத்துக்கொண்டாள். எனக்குத் துளி வருத்தம் இல்லை. சரி, ஒரு துளி.

"உள்ள வந்ததும் சண்டை போடலாமா?" என்று குரல் மன்றத்தில் கேட்டாள். அவள் குரலை எங்களோடு பேசும் குரலாக அன்றுதான் கேட்டோம். "எனக்குத் துண்டு போட்டவரையே எதுக்கணும்."

"தாராளமா தாயி," என்றார் திருமலைக்கொழுந்து.

"அப்போ முறைப்படி முதல்ல உங்க பக்கம். குன்னூர் ஃபைனல்ல நான் இறங்கியிருந்தா என் தோள் போயிருக்கும். என் வலிய எங்கம்மா பாக்கல, கோச் பாக்கல, நான் யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சேன். நீங்க பாத்தீங்க. உங்கள மாதிரி நான் ஆயிரக் கூடாதுன்னு, எல்லாரும் ஏசும்போதும் எந்திரிச்சுப் போகாம உக்காந்திருந்தீங்க. சரியா மாமா?"

பச்சை எரியவில்லை. ஒரு நிமிடம் ஆயிற்று.

"அண்ணாச்சி, அழுத்துங்க," என்றேன்.

"கண்ணு தெரியலம்மா. பொத்தான் எங்க இருக்குன்னு தெரியல."

சிரிப்பும் மூக்குறிஞ்சலுமாக மன்றம் கலகலத்தது. பிறகு பச்சை எரிந்தது.

"இப்போ என் எதிர்வாதம்," என்றாள் ஜெபராணி. "ரெண்டரை வருசமா மனசுல வச்சிருக்கேன். அந்த ஃபைனல நான் ஜெயிச்சிருப்பேன்."

இப்போது முறை அவருக்கு. பதில் சொல்வதற்கு முன்னால் அவள் பேச்சை அவர் வாயால் சொல்ல வேண்டும்.

"அந்த ஃபைனல்ல நீ இறங்கியிருந்தா, ஜெயிச்சிருப்ப. இதத்தான தாயி சொல்லுத?"

அவள் பச்சையை எரியவிட்டாள். "எதிர்வாதம்?" என்றது இயந்திரக்குரல்.

"இல்ல," என்றார் திருமலைக்கொழுந்து. "நானும் அதத்தான் நெனச்சேன். நீ தோளக் குடுத்தாவது ஜெயிச்சிருவன்னு தெரியும் தாயி. அதுக்குத்தான் பயந்தேன்."

அவர் எதையும் திருப்பிச் சொல்லவில்லை, முறைப்படி அங்கே பொத்தானுக்கு வேலையே இல்லை. ஆனாலும் ஜெபராணியின் பச்சை இன்னொரு முறை எரிந்தது.