இரண்டு விரற்கடைத் துணி

கவுன் குட்டையாக இருந்தது.

தையல்காரி முதலில் தன் கண்ணைத்தான் சந்தேகப்பட்டாள். அருங்காட்சியகம் திறந்த முதல் நாள். கீழே கூடத்தில் யாரோ ஒலிபெருக்கியில் வட்டாரப் பெருமையை இழுத்து இழுத்துப் பேசிக்கொண்டிருக்க, மாடியில் 'நூறு வருடங்களுக்கு முந்தைய வீடு' என்று எழுதிய அறையில், புதுப் பெயிண்டும் பாச்சை உருண்டையும் கலந்த வாடையில், அவளும் மகளும் மட்டும் நின்றிருந்தார்கள். கண்ணாடிக்குப் பின்னால் மெழுகில் ஓர் அப்பா, ஓர் அம்மா, கண்ணாடியை ஒட்டினாற்போல ஒரு சிறுமி. மூன்று பேர் உடையும் அவள் தைத்தது. சிறுமியின் கவுனைக் கணுக்கால் வரை வைத்துத்தான் தைத்தாள். இப்போது அது கெண்டைக்கால் பாதியிலேயே நின்றுவிட்டது.

அந்தப் பொம்மைக்கு மட்டும் அளவுச் சீட்டு வந்து சேரவில்லை. எட்டு வயது என்று சொன்னார்கள், அவ்வளவுதான். வீட்டிலேயே எட்டு வயதில் ஒன்று சுற்றிக்கொண்டிருக்கும்போது எதற்கு அலைய வேண்டும் என்று மகளை நிறுத்தி அளந்து தைத்துக் கொடுத்துவிட்டாள். அதிலும் பழக்க தோஷம் விடவில்லை. வளர்கிற பிள்ளைக்குத் தைப்பதுபோலவே, பின்னால் பிரித்துவிட வசதியாக, கீழ் ஓரத்தில் இரண்டு விரற்கடைத் துணியை உள்ளே மடித்து விட்டிருந்தாள். பொம்மை என்ன வளரவா போகிறது என்று பிறகு தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள்.

குனிந்து பார்த்தாள். அந்த மடிப்பு பிரிக்கப்பட்டிருந்தது. இஸ்திரி போட்ட கோடும், வரிசையாக ஊசித் துளைகளும் அப்படியே தெரிந்தன. பிரித்தும் போதவில்லை.

ரோந்து வந்த காப்பாளரை நிறுத்தினாள்.

"சார், இந்தக் கவுனை யாரு பிரிச்சது?"

"யாரும் தொடலையேம்மா. போன மாசம் போட்டுவிட்டுப் பூட்டினது. சாவி என்கிட்டதான் இருக்கு." கீழே கைதட்டல் கேட்டது. அவர் அவசரமாகப் படி இறங்கினார்.

போன மாதம். போன மாதத்திலிருந்துதான் மகளின் பள்ளிச் சீருடை தொளதொளவென்று ஆனது. பிள்ளை இளைத்துவிட்டாளே என்று பார்த்தவர்களெல்லாம் கேட்டார்கள். டாக்டர் பூச்சி மருந்து கொடுத்தார். ஊருக்கெல்லாம் அளவெடுக்கிறவள், சொந்தப் பிள்ளையை மறுபடி அளந்து பார்க்கவில்லை. இரண்டு முறை இடுப்பைப் பிடித்துத் தைத்துக் கொடுத்ததோடு சரி.

கைப்பையில் எப்போதும் டேப் இருக்கும். எடுத்தாள்.

"குட்டி, நேரா நில்லு."

தோளிலிருந்து கணுக்கால் வரை பிடித்தாள். போன மாதம் முப்பத்தொன்பது அங்குலம். அது நன்றாக நினைவிருந்தது.

முப்பத்தைந்து.

மறுபடி பிடித்தாள். முப்பத்தைந்து. கொஞ்சம் குறைவாகவே.

"அம்மா, இவ என்னைவிட உயரம்."

"பார்க்காதே. இங்க வா."

மகளின் கையைப் பிடித்தாள். வழவழவென்று இருந்தது. சூடே இல்லை. உள்ளங்கையில் ஒரு ரேகைகூட இல்லை.

கவுனைக் கழற்ற வேண்டும். இப்போதே. அது ஒன்றுதான் தோன்றியது. ஓடிப்போய் மாடிப்படிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள்.

"சார்! சாவி! சாவியைக் கொண்டாங்க சார்!"

கைதட்டல். வாத்திய இசை. யாரும் நிமிரவில்லை.

திரும்பினாள். மகள் மூக்கைக் கண்ணாடியில் அழுத்தியிருந்தாள். விளையாட்டாக வாயைத் திறந்து ஊதினாள். கண்ணாடி மங்கவில்லை. மீண்டும் ஊதினாள். ஒன்றும் இல்லை.

மூன்றாம் முறை மகள் ஊதவில்லை. அசையவே இல்லை.

கண்ணாடியின் உள்பக்கத்தில், மெழுகுச் சிறுமியின் வாய்க்கு நேராக, மெல்ல ஆவி படிந்தது.