காடாத்தாத எலும்பு

திண்டுக்கல் நாகல்நகரில் ஒரு பழைய மச்சு வீட்டைப் பல் ஆஸ்பத்திரியாக மாற்றியிருந்தார்கள். பகலிலும் உள்ளே விளக்கு எரிந்தது. ஸ்பிரிட் நெடிக்கும் கிராம்பு வாசத்துக்கும் அடியில் ஈரச் சுவரின் நாற்றம். ஜீவிதா நான்கு மாதக் கைக்குழந்தையைப் புருஷன் ஈஸ்வரனிடம் கொடுத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தாள். பிள்ளை உண்டாவதற்கு முன்னால் பைக்கிலிருந்து விழுந்து முன்பல் இரண்டு போயிருந்தன. பல் போன இடத்தில் தாடை எலும்பும் கரைந்துவிட்டிருந்தது.

டாக்டர் ஆல்வின் ஒரு சின்னக் குப்பியைக் காட்டினார். உள்ளே வெள்ளை மணல் மாதிரி ஏதோ.

"இத வச்சு எலும்ப வளத்துட்டு, அப்புறம் ஸ்க்ரூ போட்டுப் பல்லு கட்டலாம். செத்தவங்க தானமாக் குடுத்த எலும்பு. சுத்தம் பண்ணித்தான் வருது."

"ஆம்பளையா பொம்பளையா டாக்டர்?" என்றான் ஈஸ்வரன்.

"அது எனக்குத் தெரியாது."

"யாரா இருந்தா என்ன, இவ பேச்சக் கொறச்சாச் சரி."

ஜீவிதா சிரிக்கவில்லை. "புள்ள பால் குடிக்கிறான். அவனுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

"ஒண்ணும் ஆகாதும்மா."

எலும்புத் தூளை வைத்து ஈறைத் தைத்துக்கொண்டு சின்னாளப்பட்டி வீட்டுக்கு வந்த மறுநாளே ஈறு எரியத் தொடங்கியது. உள்ளே நெருப்புக் கங்கு ஒன்றை வைத்துத் தைத்த மாதிரி. எச்சில் சாம்பலாய்க் கரித்தது. டாக்டர் மறுபடி பார்த்தார், படம் எடுத்தார். சீழ் இல்லை, நன்றாக ஆறுகிறது என்றார். மாத்திரைக்கு அடங்கவில்லை. பால் குடித்தால் மட்டும் அடங்கியது.

முதலில் ஒரு டம்ளர். பிறகு ஒரு செம்பு.

வாயில் ஊற்றிய பால் தொண்டைக்குப் போவதற்குள் தீர்ந்துபோனது.

மாமியார் அய்யம்மாள் காலிச் செம்பை எடுத்துக் கவிழ்த்தாள். பிறகு முணுமுணுத்தாள்.

"எரிச்ச மறுநா எலும்புக்குப் பால் ஊத்திக் காடாத்துறோம்ல. இதுக்கு யாரு ஊத்துனா?"

"அத்த, சும்மா இருங்க."

"சூடு ஆறலடி. அதான் கேக்குது."

மத்தியான வெயிலில் பேரனைத் தோளில் போட்டுக்கொண்டு, ஜீவிதாவைத் தோட்டத்து வரப்புக்கு அழைத்துப் போனாள். பசும்பாலை அவள் வாயில் ஊற்றினாள்.

"செத்த நேரம் வச்சிருந்து மண்ணுல துப்பு. துப்புனாப் போயிரும். முழுங்குனா, கூட்டியாந்து வீட்டுல வச்ச மாதிரி."

இந்த முறை பால் குறையவில்லை. வாய்க்குள் கனத்தது. யாரோ மூச்சை அடக்கிக் காத்திருப்பது போல் இருந்தது.

பிள்ளை வீறிட்டான்.

அவனுக்குக் கையை நீட்டியபோதே அவள் விழுங்கிவிட்டாள்.

எரிச்சல் நின்றது.

அடியோடு நின்றது.

வரப்பிலேயே உட்கார்ந்து பால் கொடுத்தாள். அவன் வெறிகொண்டு குடித்தான்.

"துப்புனியா?"

"துப்பிட்டேன் அத்த."

அதன் பிறகு பிள்ளை அழுவதே இல்லை. பசித்தாலும் அழவில்லை. அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டு கிடந்தான். கன்னம் மட்டும் அனலாய்க் கொதித்தது.

ஒரு காலையில், பால் குடிக்கும்போது கடித்தான்.

ரத்தம் வந்தது.

"நாலு மாசத்துல ஏதுடி பல்லு?" அய்யம்மாள் அவன் வாய்க்குள் விரலை விட்டுத் தடவினாள். எடுத்த விரலைச் சேலையில் துடைத்தாள். மறுபடியும் துடைத்தாள்.

ஜீவிதா பிள்ளையை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் உதட்டை விலக்கினாள்.

பால்பல் இல்லை. முன் ஈறில், தேய்ந்து, புகையிலைக் கறை ஏறிய கடைவாய்ப்பல். கிழட்டுப் பல்.

"அத்த," என்றாள்.

அய்யம்மாள் வாசலைத் தாண்டிப் போயிருந்தாள்.

பிள்ளை அழவில்லை. வாயைத் திறந்தபடி காத்திருந்தான்.

ஜீவிதாவின் மாரில் பால் தானாகச் சுரந்து நைட்டியை நனைத்தது.