ஆந்தைக்கரட்டின் கண்ணில்லா மீன்

“நாலு மணிக்குக் கூட்டம். அதுக்குள்ள மீன் நம்ம கேமராவுல இருக்கணும்!” என்றபடி வசுமதி குகைக்குள் காலெடுத்து வைத்தாள். அப்போது காலை எட்டு மணி.

அந்தக் குகை இருந்த ஆந்தைக்கரடு என்ற குன்றைச் சுண்ணாம்புக்கல்லுக்காக வெடிவைத்துத் தகர்க்க ஒரு நிறுவனம் அனுமதி கேட்டிருந்தது. அதை முடிவுசெய்யத்தான் நாலு மணிக் கூட்டம். கரட்டடிக் கிணற்றில் ஒருமுறை கண்ணே இல்லாத மீன் வாளியில் ஏறி வந்ததாகக் கிணறு வெட்டும் நாச்சிமுத்து சொன்னார். யாரும் நம்பவில்லை. கிணற்றின் ஊற்று குகையிலிருந்துதான் வருகிறது என்று வசுமதி மட்டும் கணித்தாள். படம் கிடைத்தால் குகை பிழைக்கும். இல்லையென்றால் வெடிதான்!

நாச்சிமுத்துவும் உடன் வந்தார். மூன்றாவது ஆள் ரெஜினா, வசுமதியோடு விலங்கியல் படித்தவள்.

வழி பிரிந்த இடத்திலெல்லாம் வசுமதி அரிசிமாவால் தரையில் அம்புக்குறி போட்டாள்.

“பெயிண்டு கொண்டாந்திருக்கலாமுங்க அம்மிணி,” என்றார் நாச்சிமுத்து.

“பெயிண்ட் விஷங்க அண்ணா. மாவு யாருக்கும் கெடுதல் செய்யாது.”

“எறும்பு தின்னு போடுமுங்க.”

“இந்த இருட்டுல எறும்பு ஏது?”

“கோலம் போட்டுக்கிட்டே போறா. மீனுக்குக் கல்யாணம்!” என்று ரெஜினா சிரித்தாள்.

வாசல் மண்டபத்தில் வௌவால்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கின. அவற்றின் எச்சம் மெத்தையாகக் கிடக்க, அதில் வண்டும் மரவட்டையும் கரப்பானும் நெளிந்தன. உள்ளே போகப் போக ஒவ்வொன்றாகக் குறைந்து, கடைசியில் வெறும் பாறை. தவழ்ந்தார்கள். சறுக்கினார்கள். இடுப்பளவுத் தண்ணீரில் நடந்தார்கள். ஒரு மணிக்கு ஒரு குட்டை தெரிந்தது.

“அசையாதீங்க!”

விரல் நீளத்தில் வெளிறிய மீன். கண் இருக்கவேண்டிய இடத்தில் வழவழப்பான தோல். வசுமதி மூச்சைப் பிடித்துக்கொண்டு பத்துப் படம் எடுத்தாள்.

திரும்பினார்கள். முதல் பிரிவிலேயே அம்புக்குறியைக் காணோம்! ஈரப் பாறையில் நீண்ட மீசையுள்ள வெளிறிய பூச்சிகள், கடைசித் துளி மாவை மென்றுகொண்டிருந்தன.

“மாவு யாருக்கும் கெடுதல் செய்யாதா?” ரெஜினாவின் குரல் உடைந்தது. “நமக்குச் செஞ்சிருச்சுடி!”

அந்த நேரம் பார்த்து ஒரு டார்ச்சும் அணைந்தது. நாச்சிமுத்து விரலை நனைத்துக் காற்றைத் தேடினார். காற்றே இல்லை. “இடப்பக்கம் அகலமா இருக்குது. அப்படியே போயிரலாமுங்க.”

வசுமதிக்கு முகம் எரிந்தது. எல்லாம் அவள் யோசனைதான். ஆனால் அந்தப் பூச்சிகள் ஏன் அப்படிப் பாய்ந்து தின்றன? பசி! வெயில் படாத இடத்தில் இலை தழைக்காது. இலை காற்றிலிருந்து பிடிக்கும் கரிமம்தான் பூச்சிக்குப் போய், பூச்சியிலிருந்து வௌவாலுக்குப் போய், எச்சமாக இங்கே விழுகிறது. உணவு உள்ளே வருவது வாசல் வழியாகத்தான். அப்படியானால்...

“நில்லுங்க! எத்தனை வகை உயிர் இருக்குன்னு எண்ணுவோம். கூடுதலா இருக்கிற பக்கம்தான் வாசல்.”

“எண்ணிக்கிட்டிருந்தா மணி ஓடிருமே,” என்றாள் ரெஜினா.

“தப்பான வழியில ஓடுனா இன்னும் ஓடிரும். எண்ணுடி!”

வசுமதி இப்படி அதட்டி யாரும் கேட்டதில்லை. இருவரும் குனிந்தார்கள். அகலமான இடப்பக்கம் ஒரேயொரு பூச்சி. குறுகலான வலப்பக்கம் பூச்சி, சிலந்தி, மரவட்டை.

“வலது!”

அடுத்த பிரிவில் நான்கு வகை. அதற்கடுத்து இரண்டு பக்கமும் ஐந்து ஐந்து! வசுமதி மண்டியிட்டு இரு பக்கமும் ஒவ்வொரு கல்லைப் புரட்டினாள். இடப்பக்கக் கல்லின் அடியில் மட்டும் ஆறாவதாகச் சின்னஞ்சிறு வண்டு. எழுந்து அந்தப் பக்கமே ஓடினார்கள்.

“சீச்சீ, என்ன நாத்தமுங்க இது!” என்று மூக்கைப் பொத்திய நாச்சிமுத்து, மறுநொடி கத்தினார்: “வௌவால் நாத்தமுங்க அம்மிணி! வந்துட்டோம்!”

சேறு சொட்டச் சொட்டக் கூட்டத்துக்குள் நுழைந்தபோது மணி நாலே கால். படத்தை அதிகாரி நெடுநேரம் பார்த்தார். பிறகு வரைபடத்தில் குகையைச் சுற்றிப் பென்சிலால் ஒரு சிறு வட்டம் போட்டார். “ஆய்வு முடியும்வரை இங்கே வெடி கிடையாது. போதுமா?”

கூட்டமே வசுமதியைப் பார்த்தது.

“போதாதுங்க சார். குகையில ஒண்ணும் விளையாது. கரட்டு மேல இருக்கிற காடுதான் அதுக்குச் சோறு போடுது. காடு போனா வௌவால் போகும், பின்னாலேயே மீனும் போகும்.”

அதிகாரி ரப்பரைத் தேடி எடுத்து வட்டத்தை அழித்தார். பென்சிலை அவளிடமே நீட்டினார்.

வசுமதி கரட்டின் அடிவாரத்திலிருந்து கோடு இழுக்கத் தொடங்கினாள்.